கெட்ட செய்தி கேளாத அம்மாள்

மூன்று வருடம் அந்த அம்மாளின் வீட்டில் இருந்தேன். அந்த மூன்று வருடத்தில் ஒரு கெட்ட செய்தியாவது அந்த வீட்டுப் படி ஏறியதை நான் காணவில்லை. அவர் ஏற விடமாட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பார். ஏகாதசி என்பார். கிருத்திகை, பௌர்ணமி, மகனுடைய நட்சத்திரம், தன்னுடைய கலியாண நாள் என்பார். இவை ஒன்றும் வந்து விழாத ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து, குளியலறைக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லப் போனேன். குதிரைப் பந்தயத்துக்காக மெல்பேர்ண் முழுவதும் லீவு விட்டிருந்த நாள் அது.

"ஊரே லீவு விட்டுக் கொண்டாடுது. நல்ல நாளும் அதுவுமா என்ன மேஸ்திரி இது?" என்றார்.

வியாழக்கிழமை கூரை இடிந்து குளிக்கும் தொட்டிக்குள் விழுந்தது. நல்ல வேளை, உள்ளே ஒருவரும் இல்லை. அதையும் அவர் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

நான் தச்சுவேலைக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க வேண்டியிருந்தால் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். டாக்டராக இருக்கிற என் அக்காவின் மகன்தான் பத்திரம் எல்லாம் போட்டு என்னை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்தார். பிறகு அவருக்குச் சிட்னியில் வேலை கிடைத்து, மெரிலேண்ட்ஸ் பக்கம் வீடு எடுத்துப் போனார். எனக்கோ இங்கே மரப்பெட்டி அடிக்கும் கம்பனியில் வேலை. அதனால் கிளேட்டனில் தனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் வீட்டுப் பின்வளவு அறையில் என்னை இருத்திவிட்டுப் போனார். பேராசிரியர் மெட்ராஸ்காரர். அவருடைய மனைவிதான் இந்த அம்மாள். வாடகைக்குப் பதிலாக வீட்டில் என்ன மரவேலை இருந்தாலும் நான் செய்துகொடுக்க வேண்டும் என்பது பேச்சு.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வரும். குளிர்காலத்தில் பேராசிரியரின் பழைய கோட்டு வரும். ஆனால் காய்ச்சல் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. "உடம்பு கொஞ்சம் ரெஸ்ட் கேட்குது போல" என்பார். கிளேட்டன் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பெடியன் ஒருவன் பரீட்சை தவறி, அழுவதற்காகவே அவர் வீட்டுக்கு வந்தான். அவன் முதல் சொல்லைச் சொல்லி முடிக்க முன் அவன் வாய்க்குள் கேசரி போய்விட்டது. அழவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் கதிரையில் இருந்த கோலத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு ஆத்திரம் வருகிறது.

ஆத்திரம் வருவதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் தமையன் செத்த தந்தி பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. நான் வேலையில். அந்த அம்மாள் கையெழுத்து வைத்து வாங்கிப் படித்து, சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்துவிட்டார். மறுநாள் பொங்கல். சாவுத் துடக்குக்காரனான நான் குளித்து, விபூதி பூசி, சூரியனைக் கும்பிட்டு, சர்க்கரைப் பொங்கல் தின்றேன். என் இலையில் முந்திரிப்பருப்பு அதிகமாக இருந்தது. நன்றாகத் தின்றேன். அதற்கு அடுத்த நாள் மாட்டுப்பொங்கல். சுற்றிவரப் பத்து மைலுக்கு ஒரு மாடு கிடையாது. ஆனாலும் அதுவும் நல்ல நாள்தான். நாலாம் நாள் காலை, தேத்தண்ணியோடு சேர்த்துத் தந்தியைத் தந்தார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா மட்டும் எழுந்து வந்துடுவாரா? நீங்க அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா சாப்பிட்டீங்க!" என்றார்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வார்? கலியாணம் முடித்த நாளிலிருந்து முப்பது வருடமாக அவர் செய்துவந்த வேலை அது.

இப்போது சொல்லப்போவது அதற்கு முதல் நடந்தது. நான் வந்த முதல் வருடம், எழுபத்து மூன்றில்.

பக்கத்து வீட்டில் ஒரு அமெரிக்கப் பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் மண் ஆராய்ச்சி செய்கிற ஆஸ்திரேலியன். பேராசிரியரோடு ஒரே பல்கலைக்கழகம். இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த பலகை வேலி காற்றுக்கு விழுந்தபோது நான் அதைத் திருத்தினேன். அவள் பலகையைப் பிடித்துத் தந்தாள். எனக்கு இங்கிலீஷ் விளங்கும், பேச நாலு சொல்தான் வரும். அவளுக்கு அது வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். அவள் சொன்னவற்றை எனக்கு வருகிற தமிழில்தான் எழுதுகிறேன்.

அந்த மாதங்களில் தொலைக்காட்சியில் ஒரு செய்தி அடிக்கடி வந்தது. அமெரிக்காவில் வூண்டட் நீ என்ற சின்ன ஊரைச் செவ்விந்தியர் சிலர் பிடித்து வைத்திருந்தார்கள். சுற்றிவர அரசாங்கத்தின் துவக்குகள். அங்கே உள்ளே இருந்தவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி.

"செவ்விந்தியர் எண்டு சொல்லாதேங்கோ. நாங்கள் லக்கோட்டா" என்றாள். நான் அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள்.

ஏன் அந்த ஊர் என்று கேட்டேன். ஆணி அடித்து முடியும்வரை சொன்னாள். அதே ஊரில் எண்பது வருடத்துக்கு முதல் நடந்தது. அவளுடைய அப்பப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. மார்கழிக் குளிர். பட்டினியும் வருத்தமுமாக வந்துகொண்டிருந்த அவளுடைய சனத்தைச் சிப்பாய்கள் மறித்து, அந்த ஓடைக்கரையில் கூடாரம் போடச் சொன்னார்கள். விடிந்ததும் துவக்குகளைப் பறித்தார்கள். கோடாலி, கத்தி, தையல் ஊசிகூடத் தேடினார்கள். யாருடைய கையிலோ ஒரு வெடி வெடித்தது. உடனே மேட்டில் நிறுத்தியிருந்த பெரிய துவக்குகள் கூடாரங்களைப் பார்த்துச் சுடத் தொடங்கின. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் ஓடினார்கள். குதிரையில் துரத்திப் போய்ச் சுட்டார்கள். பிறகு பனிப்புயல் வந்தது. விறைத்துப்போய்க் கிடந்தவர்களைச் சில நாள் கழித்து ஒரே கிடங்காக வெட்டி அதற்குள் போட்டு மூடினார்கள். அப்பப்பாவின் தாய் அந்தக் கிடங்கில் இருக்கிறாள். சுட்ட சிப்பாய்களில் ஏறத்தாழ இருபது பேருக்கு அந்த நாட்டின் மிகப் பெரிய பதக்கம் கொடுத்தார்கள்.

"அதை இன்னும் திருப்பி வாங்கேல்லை" என்றாள். "அப்பப்பா கிழவனாகின பிறகும் பனி பெய்தால் வீட்டுக்கு வெளியில நிப்பார். கூப்பிட்டாலும் உள்ளுக்கு வரமாட்டார்."

வைகாசியில் தம்பி உயிரோடு வெளியே வந்தான். வழக்கு இருந்தது. அதை அவள் எனக்கு மட்டும் சொன்னாள். அந்த அம்மாளிடமும் ஒரு நாள் சொல்லத் தொடங்கினாளாம். அன்றைக்குப் பிரதோஷம்.

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. எங்கள் ஊரில் கும்பம் வைத்து அவல் கடலை படைப்பதோடு சரி. படி கட்டிப் பொம்மை அடுக்கும் கொலுவை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். ஏழு படி நான்தான் அடித்துக் கொடுத்தேன். படிகளில் சாமி, செட்டியார், கலியாண ஊர்வலம். படிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பெரிய பலகை போட்டு, ஒவ்வொரு வருடமும் ஏதாவது வெளிநாட்டுக் காட்சி வைப்பது அவருடைய பெருமை. ஆல்பத்தைக் காட்டினார். ஒரு வருடம் சந்திரனில் மனிதன் இறங்கியது. முந்திய வருடம் ஜெர்மனி விளையாட்டுப் போட்டி. அந்தப் போட்டியில் விளையாட வந்தவர்களைப் பிடித்துக் கொன்றது உலகம் முழுக்கத் தெரியும். கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கி வைத்தார்கள். ஆல்பத்தில் எல்லாக் கொடியும் கம்பத்தின் உச்சியில் நின்றது.

"இந்த வருஷம் அமெரிக்கா" என்றார். "டிவில காட்டினானே, அந்த ஆறு, அந்த மேடு. பக்கத்து வீட்டுப் பொண்ணு நம்ம கொலுவே பார்த்ததில்ல. அவ நாட்டையே வச்சு அவளை அசத்திடப் போறேன்."

ஒரு பிளாஸ்டிக் பையைக் கொட்டினார். நீலச் சட்டைச் சிப்பாய்கள் ஒரு பங்கு, தலையில் இறகு வைத்தவர்கள் ஒரு பங்கு. எல்லாரும் துவக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கண்ணாடித் துண்டை ஓடையாகப் பதித்தேன். மரத்தூளால் மேடு கட்டி, ஓடையோரம் பள்ளம் விட்டு, துணித் துண்டால் கூடாரங்கள் போட்டேன். பஞ்சைப் பிய்த்துப் பனி தூவினேன். பசைக் குழாயைத் திறந்துவிட்டு மறுபடி மூடினேன். கடைசியில் சொன்னேன்.

"அம்மா, இந்த இடத்தில சனத்தைச் சுட்டவங்கள். பெண்டுகள், பிள்ளையள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர ஆக்கள்..."

மஞ்சள் கையோடு காதைப் பொத்தினார். "சிவ சிவா! கலசம் வைக்கப் போறேன், இப்பப் போய்ச் சொல்ல வந்தீங்களே! பசையைப் போடுங்க மேஸ்திரி."

பசையைப் போட்டேன். சிப்பாய்களை மேட்டில் வரிசையாக ஒட்டினேன்.

ஐந்தாம் நாள் அவள் வந்தாள். கையில் ஒரு கேக். நான் கதவோரம் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். எழும்பி ஓடிப்போய் வாசலிலேயே அவளை மறித்திருக்கலாம். கும்பிடுவதுபோலத் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

அந்த அம்மாள் பச்சைப் பட்டு உடுத்து, அவளைக் கையில் பிடித்து நேராகப் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். படிகளைக்கூடக் காட்டவில்லை.

"பாருங்க, உங்க நாடு! இவங்க சிப்பாய்ங்க. இது ஆறு. பனிகூட இருக்கு. எங்க தேவி ஒன்பது நாள் அசுரனோட சண்டை போட்டா. எல்லா நாட்டிலயும் ஒரு அசுரன் உண்டு இல்லையா?" பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல இங்கிலீஷில் ஒப்புவித்தார்.

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் குந்தினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லார் கையிலயும் துவக்கு இருக்கு" என்றாள்.

"சண்டைன்னா இருக்கத்தானே செய்யும்!"

"துவக்குகளை அவங்கள் முதலே பறிச்சிட்டாங்கள். பெண்டுகள் எங்கை? பிள்ளையள் எங்கை?"

"அந்தப் பையில வரலையே."

"செத்ததில கனபேர் அவைதான். என்ர அப்பப்பாவின்ர தாய் இந்தப் பள்ளத்துக்குள்ளதான் ஓடினவ." கண்ணாடி ஓடையின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

அந்த அம்மாளின் சிரிப்பு அசையாமல் அப்படியே நின்றது. குத்துவிளக்கைத் திரும்பிப் பார்த்தார். அது அணைந்துவிடவில்லை என்று கண்டதும் முகம் தெளிந்தது.

"அதெல்லாம் எப்பவோ நடந்தது. சுண்டல் எடுத்துக்குங்க. இன்னிக்குக் கொண்டைக்கடலை."

வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், சீப்பு, குங்குமச் சிமிழ் எல்லாம் வைத்த தட்டை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். திரும்பும்போது கதவோரம் என்னைக் கண்டாள்.

"நீங்களோ இதைச் செய்தது?"

"ஓம்."

"உங்களுக்குச் சொன்னனானே" என்றாள்.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. தட்டோடு போய்விட்டாள். சுண்டல் அங்கேயே இருந்தது.

ஒரு மனிதப் பிறவி இதற்குப் பிறகு என்ன செய்யும்? போய் மன்னிப்புக் கேட்கும். அல்லது அந்தப் பலகையை எடுத்து அடுப்பில் வைக்கும். அந்த அம்மாள் மறுநாள் காலை கடைக்குப் போய் இன்னொரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். பண்ணை வீட்டுப் பொம்மைகள். வாளி தூக்கிய பெண்கள், ஆட்டுக்குட்டி பிடித்த பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லாருக்கும் மஞ்சள் தலைமயிர், சிவப்பு உதடு, சிரிப்பு.

"பாவம், பொம்பளைங்க இல்லேன்னு குறையாப் போயிட்டா. சிப்பாய்ங்க பக்கத்துல நிக்க வைங்க மேஸ்திரி, சமாதானம் ஆன மாதிரி இருக்கட்டும். நாளைக்கு மறுபடி வரச்சொல்லிச் சீட்டு எழுதி அவ வீட்டுல போட்டிருக்கேன். பார்த்தா குளிர்ந்து போயிடுவா."

அவள் மறுபடி வந்தால் இதையும் பார்ப்பாள். அந்த அம்மாள் பூ வாங்கப் போனார். பேராசிரியர் பல்கலைக்கழகத்தில். மத்தியானம். வீட்டில் நான் மட்டும்.

முதலில் இறகு வைத்தவர்களின் துவக்குகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துச் சிப்பாய்களுக்குப் பின்னால் குவித்தேன். சிப்பாய்களை மேட்டில் இருந்தபடியே விட்டேன். பொம்மைகளை நிறுத்துவதற்குக் காலடியில் ஒரு வட்டம் இருக்கும். அதை அரிந்து எடுத்தால்தான் அவை சமமாகப் படுக்கும். ஆம்பிளைகளைக் கூடாரங்களுக்கு முன்னால் படுத்தினேன். பெண்களையும் பிள்ளைகளையும் பள்ளத்துக்குள் கொண்டுபோனேன். சிரிப்புத் தெரியாதபடி முகம் குப்புறப் படுத்தி ஒட்டினேன். இரண்டு குழாயில் வரும் பசை அது, பிடித்தால் மரம் உடையுமே தவிர ஒட்டு விடாது. மேலே கொஞ்சம் பஞ்சு தூவினேன். பிறகு பின்வளவு அறைக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். ஒருவர் சொன்ன வேலையை மாற்றிச் செய்து வைத்துவிட்டு, அவர் வரும்வரை நான் காத்து நின்றது அந்த ஒரு தரம்தான்.

அந்த அம்மாள் வந்து பார்த்தார். கை நெஞ்சுக்குப் போனது. செத்த சனத்தைக் கண்டு திடுக்கிட்டார் என்று ஒரு கணம் நம்பினேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

"ஐயையோ! விஜயதசமிக்கு முன்னாடி கொலு பொம்மையைப் படுக்க வைப்பாங்களா யாராவது?" என்றார். கொலுவில் பத்தாம் நாள் மாலை ஒரு பொம்மையைத் தூங்குவதுபோலச் சாய்த்து வைத்த பிறகுதான் மற்றவற்றை எடுக்கலாமாம். அதற்கு முதல் ஒன்று சாய்ந்தாலும் வீட்டுக்கு ஆகாதாம். இழுத்துப் பார்த்தார். ஒரு பெண்ணின் தொப்பி மட்டும் கையோடு வந்தது. கொலு நடுவில் பலகையை அசைக்கவும் கூடாது. உள்ளே போய் ஒரு அரக்குப் பட்டுச் சேலையைக் கொண்டுவந்து, நாலாக மடித்து, மேட்டையும் ஓடையையும் சேர்த்து மூடினார். மேலே வாங்கிவந்த பூவை வைத்தார்.

என்னை ஏசவில்லை. வீட்டைவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. அதுவும் ஒரு கெட்ட செய்திதானே. அதைச் சொல்ல அவருக்கு எந்த நாளில் வாய் வரும்? அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் அவர் சமைத்த சோற்றை நான் தின்றேன்.

மாலையில் வந்த பெண்கள் அது என்ன என்று கேட்டார்கள். "சரஸ்வதிக்குப் புத்தகம் வச்சு மூடியிருக்கேன்" என்றார். நாக்குக் கூசவில்லை. வந்தவர்கள் பட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். பிள்ளைகளை விழுந்து கும்பிட வைத்தார்கள். பேராசிரியர் கற்பூரம் காட்டினார். பட்டம் பெற்றவர்களும் அவர்கள் மனைவிமாரும் ஒருவர் பின் ஒருவராக அந்தச் சேலையைக் கும்பிட்டுச் சுண்டல் தின்று போனார்கள். அந்த அம்மாள் வழக்கம்போலப் போட்டோவும் எடுத்தார். அந்த வருட ஆல்பத்தில், படிகளுக்குப் பக்கத்தில், பூ வைத்த ஒரு மேடு தெரியும்.

அவள் மறுபடி வரவில்லை. எட்டாம் நாள் காலை அவள் வளவில் துணி காயப்போடுவதைக் கண்டேன். வேலிக்குப் போனேன். என்னிடம் இருந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்து, நான் செய்ததையும் அந்த அம்மாள் செய்ததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் சொல்லை முதலில் சொன்னேனா கடைசியில் சொன்னேனா என்று நினைவில்லை. அவள் கையில் ஈரச் சட்டையோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

"துணியால மூடிட்டாவோ?"

"ஓம்."

"மேல பூவும் வைச்சவவோ?"

"ஓம்."

"எங்கட ஆக்களை மூடேக்கை ஒருத்தரும் பூ வைக்கேல்லை" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். வாய் மட்டும் கோணியது.

சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். ஒரு பக்கம் கிளிப் குத்தினாள். மற்றக் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பிள்ளையளை எங்கை வைச்சனீங்கள்?"

"தாய்மாருக்குப் பக்கத்தில."

"எல்லாரையும்?"

"தாய் இல்லாமல் ஒரு பிள்ளை மிஞ்சினது. அதைக் கைக்குழந்தைக்காரிக்கு மற்றப் பக்கத்தில வைச்சனான்."

அவள் தலையை ஆட்டினாள். மற்றக் கிளிப்பையும் குத்திவிட்டு, வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.